திரையில் இளகும் நெஞ்சம்

சாமராஜநகரில் சாமராஜேஸ்வரர் கோயில் தேர் ஆஷாட மாதத்தில் ஓடுகிறது. நம் ஆடியைப் போலவே புதுமணத் தம்பதியரைப் பிரித்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மாதம் அது. அப்படிப் பிரிந்திருப்பவர்கள் தேர் நாளில் ஒன்றாக வந்து நின்று, தவனம் செருகிய வாழைப்பழத்தைத் தேர்மீது எறிந்து, நெடுநாள் இணைந்து வாழ வேண்டிக்கொள்கிறார்கள். 2017இல் தேர் தீக்கிரையானதால் சில ஆண்டுகள் தேரோட்டம் நின்றது. 2022இல் புதுத்தேர் ஓடியபோது புதுமணத் தம்பதியர் மீண்டும் தேரடிக்கு வந்தார்கள். இருவர் சேர்ந்து வாழ்வதை ஊரே கூடி வாழ்த்தும் வழக்கம் இது. அந்த வாழ்த்து ஊர் ஒப்பிய இணைகளுக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஊர் ஒப்பாத காதல் ஒன்று இதே ஊரில் கைபேசி வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. தாய்லாந்தில் எடுக்கப்படும் பி.எல். தொடர்களைச் சொல்கிறேன். இரண்டு இளைஞர்கள் ஒருவரையொருவர் விரும்பும் கதைகள். கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் கன்னடமும் கலந்து பேசும் வீடுகள் இந்த எல்லையில் ஏராளம். அந்த வீடுகளின் கல்லூரிப் பிள்ளைகள், அவர்களிலும் பெண்கள், யூடியூபில் எழுத்து மொழிபெயர்ப்போடு இந்தத் தொடர்களை இரவெல்லாம் பார்க்கிறார்கள். பெற்றோர் அறியும்போது கைபேசியைப் பிடுங்குகிறார்கள், அல்லது முகம் சுளித்து ஒதுங்குகிறார்கள். இரண்டாலும் பயனில்லை. இந்தத் தொடர்களில் நல்லது எது, கெட்டது எது, பார்த்த மனம் பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொறுமையாகப் பேசுவதே பெரியவர்களின் கடமை.

ஆண்களுக்கிடையிலான காதலைப் பெண்கள் பெண்களுக்காக எழுதும் வழக்கம் 1970களின் ஜப்பானியப் படக்கதைகளில் வேரூன்றியது. தாய்லாந்தில் அது இணைய நாவலாக வளர்ந்து தொலைக்காட்சிக்கு வந்தது. 2014இல் ‘லவ் சிக்’, 2016இல் ‘சோட்டஸ்’ என்று தொடங்கிய அலை, 2020இல் கொரோனா ஊரடங்கில் வெளியான ‘டுகெதர்’ தொடரால் உலகெங்கும் பரவியது. ஜிஎம்எம்டிவி நிறுவனம் தன் தொடர்கள் பலவற்றை யூடியூபிலேயே வெளியிட்டதால், கட்டணம் கட்ட வழியில்லாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவை எட்டின.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

இத்தொடர்களில் ஆண்கள் அழுகிறார்கள். மன்னிப்புக் கேட்கிறார்கள். காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஈரத்துணி வைத்துவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச வந்ததைச் சொல்ல முடியாமல் திரும்பிப் போகிறார்கள். காமத்துப்பாலின் 250 குறள்களில் பெரும்பகுதி பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் ஊடலுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதை அறிந்த நமக்கு இந்தத் தவிப்பு அந்நியமானதன்று. அந்தத் தவிப்பைத் தாங்கும் ஆணைத்தான் நம் திரை மறந்துவிட்டது. நம் கதாநாயகன் காதலிக்கிறான் என்றால் பின்தொடர்கிறான், மிரட்டுகிறான், அடிதடியில் வென்று பெண்ணைப் பரிசாகப் பெறுகிறான். அந்த ஆணைப் பார்த்துச் சலித்த பெண்களுக்கு, அன்பு காட்டத் தெரிந்த ஓர் ஆணைப் பார்ப்பதே ஆறுதல். இவர்கள் ஏன் இதைப் பார்க்கிறார்கள் என்று வியக்கும் பெற்றோர், தங்கள் வீட்டு ஆண்கள் எப்போதாவது மன்னிப்புக் கேட்டதுண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த நன்மை, கதையின் முடிவில் இருக்கிறது. தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கு நம் திரை நெடுங்காலம் தந்தவை இரண்டே இடங்கள்: கொடூர வில்லன், அல்லது சிரிப்பூட்டும் ஆள். 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் தொடர் கொலை செய்யும் இருவருக்கும் அந்த அடையாளம் ஒட்டப்பட்டதை நாம் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. தாய்லாந்துத் தொடர்களில் காதலிக்கும் இருவர் சாவதில்லை, தண்டிக்கப்படுவதுமில்லை. சண்டையிடுகிறார்கள், சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வாழ்கிறார்கள். தன்னைப் போன்றவர்களுக்குச் சாவைத் தவிர முடிவில்லை என்று நம்பி வளரும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு, வாழ்வும் ஒரு முடிவாக இருக்கலாம் என்று காட்டுவது சிறிய உதவியன்று.

சிறந்த தொடர்கள் இதற்கும் மேலே போகின்றன. 2020இல் வந்த ‘ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ’ ஃபூக்கெட் தீவின் பழைய நகரில், பல்கலைக்கழக நுழைவுக்காகச் சீனம் படிக்கும் இரண்டு மாணவர்களின் கதை. தன் மனம் எதை விரும்புகிறது என்று தனக்கே ஒப்புக்கொள்ள முடியாத ஓர் இளைஞனின் வேதனையை அவ்வளவு நேர்மையாகச் சொன்ன படைப்புகள் குறைவு. 2021இல் தொடங்கிய ‘பேட் பட்டி’ பக்கத்துப் பக்கத்து வீட்டில் பகை வளர்க்கும் இரண்டு குடும்பங்களின் கதை. பிள்ளைகளின் அன்பைவிடப் பெற்றோரின் பழைய வஞ்சகமே அதில் குற்றம். தங்கள் இளமைக் கசப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றி, அதற்குக் குடும்ப மானம் என்று பெயர் வைக்கும் பெற்றோரை அத்தொடர் நேருக்கு நேர் பார்க்கிறது. சாதி மானத்துக்காகப் பெற்ற பிள்ளையையே கொல்லும் நாட்டில் அந்தப் பார்வைக்கு வேலை இருக்கிறது.

இவற்றினும் முதிர்ந்ததாக நான் கருதுவது 2023இல் எட்டுப் பகுதிகளாக வந்த ‘மூன்லைட் சிக்கன்’. பட்டாயா நகரில் கோழிச்சோற்றுக் கடை நடத்தும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், கடனோடும் பழைய காதலின் காயத்தோடும் வாழ்கிறார். கொரோனாவுக்குப் பின் வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. அவர் வளர்க்கும் சகோதரி மகன், செவித்திறன் இழந்த ஒரு பையனோடு பழகுகிறான். அந்தப் பையனின் பெற்றோருக்குப் பணம் இருக்கிறது. மகனோடு பேச சைகை மொழி கற்கும் பொறுமை இல்லை. கடைக்காரர் வீட்டுப் பையன் கற்றுக்கொள்கிறான். அன்பு செலுத்துவது என்றால் மற்றவரின் மொழியைக் கற்பது என்ற பாடத்தை அந்தத் தொடர் வசனமாகச் சொல்லாமல் கைவிரல்களின் அசைவில் காட்டிவிடுகிறது. யார் யாரை விரும்புகிறார்கள் என்ற கேள்வி அங்கே பின்னுக்குப் போய், யார் யாருக்காகச் சிரமப்படத் தயார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவையும் சிறியவையல்ல.

முதற்குறை சம்மதத்தைப் பற்றியது. 2019இல் பெரும்புகழ் பெற்ற ‘தார்ன்டைப்’ தொடரில், குடித்து உறங்கிக் கிடப்பவனை அறைத்தோழன் விருப்பமின்றித் தொடுகிறான். தொடப்பட்டவனோ சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவன். இவ்வளவுக்குப் பிறகும் அது காதலாக வளர்கிறது. இதை ஏற்கவே முடியாது. பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்க வைக்கும் தமிழ்ப்படத்தைக் கண்டிக்கும் அதே வாய், இரண்டு அழகான ஆண்கள் என்பதற்காக இதை மன்னிக்கக் கூடாது. சம்மதம் பால் பார்த்து மாறுவதில்லை. அது இல்லாத இடத்தில் நடப்பது, யாருக்கு யார் செய்தாலும், வன்முறை.

அடுத்த குறை அதிகாரத்தைப் பற்றியது. ‘சோட்டஸ்’ தொடரில் பொறியியல் கல்லூரி மூத்த மாணவர்கள் புதியவர்களை வரிசையில் நிறுத்தி அதட்டுகிறார்கள், தண்டிக்கிறார்கள். அந்த அதட்டலுக்கு நடுவில்தான் காதல் முளைக்கிறது. அந்த வழக்கத்தைத் தொடரே பின்னர் கேள்வி கேட்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் தமிழர்களால் அதை இயல்பாகப் பார்க்க முடியாது. 1996இல் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நாவரசு என்ற மாணவரை ராகிங் பலிகொண்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதிகாரத்தை அன்பின் முன்னுரையாகக் காட்டும் எந்தக் கதையையும் நாம் விழிப்போடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை, யாரை ஒதுக்கிவைத்து இந்தக் காதல் கொண்டாடப்படுகிறது என்பது. ‘டுகெதர்’ கதையை நினைத்துப் பாருங்கள். நளினமாக நடக்கிற, தன் விருப்பத்தை மறைக்காத ஒரு பையன் நாயகனை விரும்புகிறான். அவனிடமிருந்து தப்பிக்க, நாயகன் இன்னோர் அழகனைத் தன் காதலனாக நடிக்கச் சொல்கிறான். நடிப்பு நிசமாகிறது. உலகம் முழுக்க ரசிகர்கள் உருகினார்கள். ஆனால் முதலிலிருந்தே தன்னை மறைக்காமல் வாழ்ந்த அந்தப் பையன்தான் கதை நெடுகக் கேலிக்கு ஆளாகிறான். பல தொடர்களில் நாயகன், தனக்கு ஆண்கள் மீது விருப்பமில்லை, இவன் ஒருவன் மீது மட்டும்தான் என்கிறான். காதலைக் கொண்டாடிக்கொண்டே அந்தக் காதலுக்கு உரிய மனிதர்களை வாசலில் நிறுத்திவைக்கும் பேச்சு அது. தெருவில் நம்மிடம் கல்லடி பட்டவர்கள் அந்த நளினமான பையனைப் போன்றவர்கள், நாயகர்கள் அல்லர்.

இருவரில் ஒருவரைக் கணவன் என்றும் மற்றவரை மனைவி என்றும் அழைத்து விளையாடுவதும் அப்படித்தான். சமமான இருவரின் அன்பு என்று சொல்லிக்கொண்டு, பழைய ஆண்டான் அடிமை அச்சிலேயே அதையும் வார்க்கிறார்கள். ‘பேட் பட்டி’ போன்ற ஒருசில தொடர்களே இந்த விளையாட்டைக் கதைக்குள்ளேயே மறுத்தன. பெண்களோ பெரும்பாலும் பொறாமைக்காரியாகவோ தூதுபோகும் தோழியாகவோ வந்து மறைகிறார்கள். முகங்களிலும் வெள்ளைத் தோலுக்கே முதலிடம். கருநிறம் உள்ளவன் காதலுக்குத் தகுதியில்லாதவன் என்ற பொய்யை நமக்கு யாரும் புதிதாக இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஏற்கெனவே போதுமான அளவு வைத்திருக்கிறோம்.

ஆக மோசமானது இணை வியாபாரம். தொடர் முடிந்த பிறகும் அந்த இரு நடிகர்களும் இணையாகவே மேடையேறுகிறார்கள், விளம்பரங்களில் தோன்றுகிறார்கள், ரசிகர் கூட்டங்களில் கைகோத்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வேறொருவரோடு உறவு என்று தெரிந்தால் ரசிகர்கள் சினந்து ஏசுகிறார்கள். இருபது வயதுப் பையன்களின் தனிவாழ்வை விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணும் இந்த மனம் அன்பு அறிந்த மனமாகாது. உயிருள்ள ஒருவரை நம் ஆசைக்கு ஏற்ற பொம்மையாக வைத்துக்கொள்வது, அவர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், தவறு.

இந்தக் குறைகளுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய இல்லாமை இருக்கிறது. பெரும்பாலான தொடர்களில் சட்டம் இல்லை, வயிற்றுப்பாடு இல்லை, முதுமை இல்லை. கல்லூரி வளாகத்துக்குள் கதை தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

நிசவாழ்வில் அப்படியில்லை. அந்நிய ஆட்சிக்கு உட்படாத தாய்லாந்து, ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 1956ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே கைவிட்டது. ஆயினும் அங்கே ஒரே பாலினத்தவர் இருவர் மணந்துகொள்ளும் உரிமை 2025 ஜனவரி 23ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் தெருவிலும் நாடாளுமன்றத்திலும் பல்லாண்டுப் போராட்டம் இருந்தது. ‘நாட் மீ’ போன்ற மிகச்சில தொடர்களே அந்தப் போராட்டத்தைக் கதைக்குள் கொண்டுவந்தன. பால் அடையாளத்தை ஆவணங்களில் மாற்றிக்கொள்ளும் சட்டம் அங்கே நிறைவேறாமலே கிடந்தது. உலகமே சொர்க்கம் என்று நினைக்கும் நாட்டின் நிலை இது.

நமக்கு ஆங்கிலேயர் 1860இல் எழுதி வைத்துப்போன 377ஆம் பிரிவு, 2018 செப்டம்பர் 6 வரை வயது வந்த இருவரின் விருப்ப உறவையும் குற்றமாகவே வைத்திருந்தது. 2023 அக்டோபரில் திருமண உரிமை கேட்டவர்களுக்கு உச்ச நீதிமன்றம் அதைத் தர மறுத்து, நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றது. எனவே தாய்லாந்துத் தொடரின் இனிய முடிவைப் பார்த்து அழுதுவிட்டு உறங்கப்போகும் நம் பிள்ளை, விடிந்ததும் எழுவது அந்த முடிவு சாத்தியமில்லாத நாட்டில்.

தொடர்கள் காட்டாத இந்த வாழ்வை நம் பக்கத்துப் படைப்புகள் காட்டியிருக்கின்றன. 2023இல் வந்த மலையாளப் படமான ‘காதல்: தி கோர்’, ஜியோ பேபி இயக்கத்தில் மம்மூட்டியும் ஜோதிகாவும் நடித்தது. இருபதாண்டு மணவாழ்வுக்குப் பிறகு மனைவி மணவிலக்குக் கேட்கிறாள். தந்தையின் கட்டாயத்தால் தன்னை மறைத்து மணந்த ஒருவனால், அவன் மட்டுமல்லாமல் ஒரு பெண்ணின் இளமை முழுதும் வீணானதை அந்தப் படம் சொல்கிறது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பும் ஒவ்வொரு பெற்றோரும் அந்த மனைவியின் இருபதாண்டுகளை நினைக்க வேண்டும். கர்நாடகத்திலோ, லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய தன்வரலாற்றிலிருந்து ‘நானு அவனல்ல அவளு’ என்ற கன்னடப் படம் 2015இல் வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழ்த் திருநங்கை ஒருவரின் வலியைக் கன்னட நடிகர் ஒருவர் தன் உடலில் ஏற்றிக் காட்டியதால், மொழி எல்லையைத் தாண்டிப் பலர் அதை முதன்முறையாக உணர்ந்தார்கள். கதைகளால் ஆகக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுவே.

கதை தந்த உணர்ச்சியை நடத்தையாக மாற்றுவது நம் வேலை. அதற்கு நான் சுட்டிக்காட்ட விரும்பும் முன்மாதிரி நீதிமன்றத்தில் இருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்தப் பொருளில் தனக்கு முழுத் தெளிவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் சென்று கேட்டு அறிந்தார். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடம் பேசினார். அதன்பின் ஜூன் 7ஆம் நாள் தீர்ப்பளித்து, இவர்களை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடைசெய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, அத்தகைய சிகிச்சை மருத்துவ ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நாடு முழுவதற்கும் அறிவித்தது. திம்பம் மலைப்பாதை ஏறி மாநில எல்லையைத் தாண்டினால் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை செல்லாது; ஆணையத்தின் அறிவிப்பு சாமராஜநகரிலும் செல்லும். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தீர்ப்புச் சொல்லும் முன் கற்றுக்கொள்ள இறங்கி வந்தார். குடும்பத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்வேன்: கைபேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பகுதி பாருங்கள். வன்முறையும் முதிர்ந்த காட்சிகளும் உள்ள ‘கின்போர்ஷ்’ போன்ற தொடர்கள் சிறுவர்களுக்கு உரியவையல்ல என்பதை அப்போதுதான் உங்களால் காரணத்தோடு சொல்ல முடியும். இத்தொடர்களைப் பார்ப்பதால் யாருடைய இயல்பும் மாறுவதில்லை. அந்த அச்சத்தை விடுங்கள். உங்கள் பிள்ளை தன்னைப் பற்றி ஏதேனும் சொல்ல முன்வந்தால், முதற்சொல்லாக அழுகையோ சாபமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முதற்சொல்லை அவர்கள் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார்கள். மாற்றித் தருகிறேன் என்பவரிடம் அழைத்துப் போகாதீர்கள். கட்டாயக் கல்யாணம் செய்துவைத்து இரண்டு உயிர்களைக் கெடுக்காதீர்கள்.

பார்க்கும் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் இருக்கும் யாரையும் இவன் அப்படிப்பட்டவனோ என்று ஊகித்துப் பேசாதீர்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் அனுமதியின்றி மூன்றாமவரிடம் சொல்லாதீர்கள். அது அவர் வீட்டையும் உயிரையும் பறிக்கக்கூடும். நடிகர்களின் வாழ்வு உங்கள் உடைமையன்று. திரையில் இரண்டு அழகர்களுக்காக உருகும் நீங்கள், பேருந்து நிலையத்தில் கைதட்டி நிற்கும் திருநங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பினால் உங்கள் உருக்கம் எதற்கும் உதவாது. ஆண்பிள்ளைகளே, அந்தத் தொடர்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்பினால், கேட்டுத் தொடுவதையும் தவறினால் மன்னிப்புக் கேட்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரை விரும்பினாலும் அது உங்களுக்குப் பயன்படும்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டிராத பிசிராந்தையார் தேடிவந்து உடன் உயிர்விட்டதை நம் மொழி நட்பின் சிகரமாகப் போற்றியது. அதையும் இந்தக் காதலையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆண் இன்னோர் ஆண் மீது உயிரையும் வைக்கும் அன்பு கொள்ளலாம் என்பதைக் கேட்டு அருவருக்கும் மரபு நம்முடையதன்று.

தாய்லாந்துத் தொடர்கள் சம்மதத்தில் தவறுகின்றன, உண்மை வாழ்வை மறைக்கின்றன, மனிதர்களை விற்கின்றன. அவற்றை அந்தக் குறைகளோடு கண்டிப்போம். அவை சொன்ன ஒரு நல்ல சேதியை மட்டும் கைவிடாதிருப்போம்: இருவர் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல், விரும்பி, பொறுப்போடு சேர்ந்து வாழ்ந்தால் அது நல்வாழ்வே. நம் வீட்டில், நம் தெருவில் அப்படி வாழ விரும்பும் இருவருக்கு நாம் தரவேண்டியது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அவர்களை அச்சமின்றி வாழவிடுங்கள். முடிந்தால் வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு போடுங்கள்.